சவரிமுத்து சகலையின் காரில் பாட்டு நன்றாகக் கேட்கிறது

காலையில் சம்பங்கி பறித்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. தாடிக்கொம்புக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். கூடை பாதி நிறைந்திருந்தது. சட்டைப் பையில் போன் அடித்தது. சவரிமுத்து சகலையின் மகன் ஜெரோம் பேசினான். "சித்தப்பா, அப்பா போயிட்டாரு" என்றான்.  

கூடையை வரப்பில் இறக்கி வைத்தேன். இப்படிப்பட்ட நேரத்தில் மனிதனுக்கு முதலில் அழுகை வர வேண்டும். எனக்கு முதலில் வந்தது கோபம். 'அவன் இன்னும் சொல்லலையே, அதுக்குள்ள போயிட்டாரே' என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து என் மனைவி ஆரோக்கியமேரியின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அழுகை வந்தது.

யார் சொல்லவில்லை, எதைச் சொல்லவில்லை என்பது எங்கள் சொந்தக்காரர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். சகலையின் நினைவுத் திருப்பலிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு சிறு மலர் அச்சடிக்கிறார்கள். குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் அதில் எழுத வேண்டும் என்று ஜெரோம் கேட்டுக்கொண்டான். எனக்கு எழுத்து வந்ததே எழுபது வயதுக்குப் பிறகுதான். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் வயதானவர்களுக்கு நடந்த வகுப்பில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். ஒரு பக்கம் எழுத அரை நாள் ஆகிறது. ஆகட்டும். ஒவ்வொரு எழுத்தும் இனிக்கிறது. இந்த மலரின் அச்சுச் செலவை அந்த ஆளே ஏற்றுக்கொண்டிருக்கிறான் என்று கேள்விப்பட்டதும் இன்னும் கூடுதலாக இனிக்கிறது.

அந்த ஆள் எங்கள் மச்சினன். என் மனைவிக்கும் சகலையின் மனைவி மரியபுஷ்பத்துக்கும் கூடப்பிறந்த ஒரே தம்பி. திண்டுக்கல்லில் கார் அலங்காரக் கடை வைத்திருக்கிறான். அவன் பெயரை எழுத எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். பெரியவர்களை 'அவர்' என்று எழுத வேண்டும் என்று வகுப்பில் டீச்சர் சொல்லிக்கொடுத்தார். அவனுக்கு 'அவன்' போதும்.

சவரிமுத்து அவர்கள் திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரியாக இருந்தவர். வேலையில் இருந்த காலத்திலும் வெள்ளைச் சட்டைதான் போடுவார். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பாடகர் குழுவில் பின்வரிசையில் நிற்பார். நல்ல உயரம். அடிவயிற்றிலிருந்து வரும் தடித்த குரல். குழு முழுவதும் மேலே பாடிக்கொண்டிருக்கும்போது அவர் குரல் மட்டும் தரையோடு தரையாகப் போய்க்கொண்டிருக்கும். அவருக்குக் கர்வம் உண்டு. தன் காதைப் பற்றித்தான் அந்தக் கர்வம். பக்கத்தில் நிற்பவர் சுருதி விலகினால் திட்ட மாட்டார். திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே குழுவை விட்டு நின்றவர்கள் இருக்கிறார்கள்.

என் கல்யாணத்தன்றுதான் அவரோடு முதலில் பேசினேன். அந்த வீட்டுக்கு அவர் மூத்த மாப்பிள்ளை. மாப்பிள்ளை அறைக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "இந்த வீட்டுல மாப்பிள்ளைன்னா இனிமே நாம ரெண்டு பேருதான் சகலை. ஒருத்தரை ஒருத்தர் விட்டுக்குடுக்கக் கூடாது" என்றார். நான் தலையை ஆட்டினேன். அப்போது அந்த மச்சினன் அரைக்கால் சட்டையோடு பந்தலில் ஓடிக்கொண்டிருந்தான். தேர்ப் பவனி பார்க்க வேண்டும் என்று அவன் அழுதால் தோளில் தூக்கிக்கொண்டு போனவர் சவரிமுத்து அவர்கள்தான். இதை அவன் மறந்திருப்பான். அதனால் எழுதுகிறேன்.

பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு வழியில் போன பிறகு, நாங்கள் இரண்டு குடும்பமும் சேர்ந்து ஒரு பழைய கார் வாங்கினோம். வெள்ளைக் கார். ஐந்து பேர் உட்கார வேண்டிய இடத்தில் ஏழு பேர் போவோம். எங்கள் ஊர்ப் பாதை குறுகல் என்பதால் கார் சகலை வீட்டு வாசலில்தான் நிற்கும். கோவில், ஆஸ்பத்திரி, நத்தத்தில் இருக்கும் என் மகள் வீடு, எல்லாவற்றுக்கும் அந்தக் கார்தான்.

அந்தச் சமயத்தில் கோவில் திருவிழாவுக்காகப் பாடகர் குழு பாடிய மாதா பாட்டுகளைப் பதிவு செய்து ஆளுக்கொரு பென் டிரைவில் கொடுத்தார்கள். சகலை அதைக் காரில் சொருகினார். பாட்டு வந்தது. பெண்கள் குரல் வந்தது. ஆர்மோனியம் வந்தது. அவர் குரல் வரவில்லை. காரோடு கம்பெனியில் போட்டு வந்த ஸ்பீக்கர்கள் அவை. கதவுக்கு ஒன்று. உள்ளே இருக்கும் காகிதம் ஓரத்தில் கிழிந்து போயிருந்தது. தடித்த சத்தம் வருகிற இடத்திலெல்லாம் தகர டப்பாவுக்குள் வண்டு பறக்கிற மாதிரி கேட்டது.

"பாட்டுல நான் இருக்கேன் சகலை. ஆனா கேக்கல" என்றார். அந்த முகத்தை இன்றைக்கும் மறக்க முடியாது.

ஸ்பீக்கரை மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தோம். வீட்டுப் பிள்ளையே கடை வைத்திருக்கும்போது வேறு எங்கே போவது? மச்சினன் கடைக்குப் போனோம். வாசலில் பெரிய பலகை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று சகலையிடம் கேட்டேன். அப்போது எனக்கு எழுத்து தெரியாது. அவன் பெயரும், கார் அலங்காரம் என்பதும், அதற்குக் கீழே 'காதே சாட்சி' என்றும் எழுதியிருப்பதாகப் படித்துச் சொன்னார். நல்ல வாசகம் என்று இருவரும் பாராட்டினோம்.

மாமா, மாமா என்று வாய் நிறையக் கூப்பிட்டான். ஏ.சி. அறையில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தான். நான்கு புது ஸ்பீக்கருக்குப் பணம் வாங்கிக்கொண்டான். கார் கடையின் பின்பக்கம் போனது. செத்த நேரத்தில் திரும்பி வந்தது. நான்கு கதவுகளிலும் ஸ்பீக்கருக்கு மேலே பளபளவென்று கறுப்பு மூடி. நடுவில் வெள்ளி எழுத்து. சகலை உள்ளே உட்கார்ந்து பாட்டைப் போட்டார். கண்ணை மூடினார். "கேக்குது சகலை. நான் கேக்குறேன்" என்றார். நானும் காது கொடுத்தேன். எனக்கும் கேட்டது. என்னமா கேக்குது என்று நானும் சொன்னேன்.

அதன் பிறகு காரில் ஏறியவர்கள் யாரையும் நாங்கள் விடவில்லை. கேக்குதா, கேக்குதா என்று கேட்டோம். எல்லோரும் கேக்குது என்றார்கள். பங்குச்சாமியாரைக்கூட ஏற்றி உட்கார வைத்துக் கேட்டோம். அவரும் தலையை ஆட்டினார்.

அப்புறம் மச்சினனின் மூத்த மகளுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. மண்டபத்தில் பிரியாணிப் பந்தி. எங்களுக்கு எதிர் வரிசையில் அவனுடைய புதுச் சம்பந்தி வீட்டார். அவன் பந்தியைப் பார்த்துக்கொண்டு நடந்து வந்தவன் எங்களுக்கு நேராக நின்றான். சம்பந்தி வீட்டாரைச் சிரிக்க வைக்க அவனுக்கு ஒரு கதை தேவைப்பட்டது போலிருக்கிறது.

"எங்க மூத்த மாமா இருக்காரே, கோவில்ல பெரிய பாட்டுக்காரரு. அவரு காருக்கு நான் ஸ்பீக்கரே மாத்தல. மூடியைத்தான் மாத்துனேன். பாட்டுப் பெட்டியில சத்தத்தைச் செத்தக் கூட்டி வச்சு விட்டேன், அம்புட்டுத்தான். உள்ள அதே கிழிஞ்ச பீஸுதான் கெடக்கு. மாமா அவரு குரலே தெளிவாக் கேக்குதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுறாரு" என்றான்.

சம்பந்தி வீட்டார் சிரித்தார்கள். பரிமாறியவர்கள் சிரித்தார்கள். எங்கள் வரிசையிலும் சிரித்தார்கள். அவன் வாங்கிய பணத்தை அப்போதே திருப்பித் தருவதாகச் சொல்லி, சட்டைப் பையில் கைவிட்டு ஒரு வேடிக்கையும் காட்டினான்.

சகலை இலையைப் பார்த்தார். பாதிதான் சாப்பிட்டிருந்தார். இலையை மடக்கிவிட்டு எழுந்தார். நானும் மடக்கினேன். அந்தப் பிரியாணி நன்றாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கை கழுவுகிற இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் கையைக் கழுவினார்.

"பணம் போனாப் போகட்டும் சகலை. இவன் என் காதை அறுத்து இலையில வச்சுட்டான்" என்றார். குழாயை மூடினார். "இவன் வாயால, நாலு பேரு முன்னாடி, மாமா உங்க கார்ல நல்லாக் கேக்குதுன்னு சொல்லணும். சொல்ல வைக்காம நான் கண்ணை மூட மாட்டேன்."

அன்றைக்கு அவர் சொன்ன வார்த்தை அதுதான். அது என் வார்த்தையும் ஆயிற்று.

அவருக்கு 'மூடி மாமா' என்று பெயர் வந்தது. முதலில் பிள்ளைகள் சொன்னார்கள். பிறகு பெரியவர்கள் மறந்து சொன்னார்கள். பாடகர் குழுவில் அவர் திரும்பிப் பார்த்தால் இப்போது யாரும் பயப்படவில்லை. ஒருவர் திருப்பிப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் குழுவில் நிற்காமல் பொதுமக்களோடு பெஞ்சில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பாட்டு நேரத்தில் வாயைத் திறக்கவில்லை.

மூடியைக் கழற்றிப் பார்த்தோம். உண்மைதான். அதே கிழிந்த காகிதம். புதிது வாங்கிப் போடலாம் என்றேன். அவர் கேட்கவில்லை. இதே ஸ்பீக்கரைப் பாட வைத்து அவனை வாயடைக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். கதவின் தகரம் அதிர்வதால்தான் சத்தம் கெடுகிறது, உள்ளே ஏதாவது ஒட்டி அதிர்வை அடக்கினால் சரியாகும் என்று ஒரு மெக்கானிக் அவரிடம் சொல்லியிருந்தார். ஒட்டுவதற்கு என்ன இருக்கிறது என்றால், தோல் ஷாப்பில் வாழ்நாளைக் கழித்த மனிதருக்கு வேறு என்ன தோன்றும்? பழைய சிநேகிதர்களிடம் சொல்லித் தோல் கழிவுத் துண்டுகளைச் சாக்கில் வாங்கி வந்தார். அடுக்கடுக்காகப் பசை தடவி நான்கு கதவுக்குள்ளும் ஒட்டினோம். கதவைத் தட்டினால் தேக்குப் பலகையைத் தட்டின மாதிரி இருந்தது. பாட்டும் கொஞ்சம் திருந்தியது. ஓரம் கிழிந்த காகிதத்தில் பசை போட்டிருந்தோம், அதனாலும் இருக்கலாம்.

அந்த வாரமே மச்சினனைப் பார்த்து, கோவிலுக்கு எங்கள் காரிலேயே வரும்படி அழைத்தார். போகிற வழியில் மழை பிடித்தது. காரின் கண்ணாடி வழியாக மழைத்தண்ணீர் கதவுக்குள் இறங்கும், அடியில் இருக்கும் ஓட்டை வழியாக வெளியே போகும் என்பது எங்களுக்குத் தெரியாது. ஓட்டைகளை எல்லாம் தோலால் அடைத்து வைத்திருந்தோம். அந்தத் துண்டுகள் பாதி பதப்பட்டவை. தண்ணீரைக் குடித்துவிட்டு ஊறி நாற ஆரம்பித்தன. நாற்றம் என்றால் சாதாரண நாற்றம் இல்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. மச்சினன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "என்ன மாமா, உங்க ஸ்பீக்கரு பாடுதா, செத்துக் கெடக்குதா?" என்றான். நடு ரோட்டில் இறங்கி மழையில் நனைந்துகொண்டே வேறு வண்டி பிடித்தான். நனைந்ததில் எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

அக்காள் தங்கை இருவரும் அந்தக் காரில் ஏற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். "எங்க தம்பி செஞ்சது தப்புத்தான். அதுக்காக இருக்குற காரைத் தோல் ஷாப்பா ஆக்குவீங்களா?" என்று ஆரோக்கியமேரி கேட்டாள். சுரண்டி எடுக்கப் பல நாள் ஆயிற்று. சகலை தலை நிமிராமல் சுரண்டிக்கொண்டிருந்தார். தோற்றுவிட்டார் என்று நினைத்தேன். அவர் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இந்த நாட்களில்தான் என்னை வகுப்பில் சேரச் சொன்னார். எனக்கு எதற்கு இந்த வயதில் என்றேன். "பலகையில என்ன எழுதிருக்குன்னு என்கிட்டக் கேட்டீங்கள்ல. அதை நீங்களே வாசிக்கிற நாள் வரணும். எனக்கு அதுல ஒரு வேலை இருக்கு" என்றார். சேர்ந்தேன்.

அவர் யோசித்தது இதுதான். நத்தத்தில் என் மகளின் மாமனார் இருக்கிறார். மாந்தோப்புக்காரர். என் மகள் கல்யாணத்தில் கூட்டத்தோடு பார்த்ததோடு சரி, மச்சினனுக்கு அவர் முகம் நினைவில்லை. அவரை அவன் கடைக்கு அனுப்பினோம். இருப்பதிலேயே நல்ல ஸ்பீக்கர் வேண்டும், கார் ஊரில் இருக்கிறது, அங்கேயே மாட்டிக்கொள்கிறேன் என்று கேட்டார். மச்சினன் உள்ளேயிருந்து எடுத்து வந்து, தன்னுடைய சொந்தக் காரில் போட்டிருப்பதும் இதேதான், இதற்கு மேல் ஒரு ஸ்பீக்கர் இந்த ஜில்லாவில் கிடையாது என்று சத்தியம் செய்து கொடுத்திருக்கிறான். எல்லாவற்றிலும் தன் கடை ஸ்டிக்கரைத் தன் கையாலேயே ஒட்டியும் கொடுத்தான்.

சகலை வீட்டு வாசலில் நானும் அவரும் ஜெரோமும் உட்கார்ந்து மாட்டினோம். கைப்பிடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் திருகைக் கழற்றி, கதவின் உள்பலகையை நெம்பி எடுத்தோம். பிளாஸ்டிக் கொக்கிகள் பட்பட்டென்று ஒடிந்தன. புது ஸ்பீக்கரின் காந்தம் பெரிது. கண்ணாடியை இறக்கினால் அதில் இடித்தது. பிளைவுட் பலகையை வளையமாக அறுத்து அடியில் கொடுத்து உயர்த்தினோம். ஒரு பக்கம் ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டோம். பாட்டு பொக்கென்று கேட்டது. ஜெரோம் கண்டுபிடித்து மாற்றினான். இந்த முறை தோல் இல்லை. ரப்பர் ஷீட் ஒட்டினோம், தண்ணீர் போகும் ஓட்டைகளை விட்டுவிட்டு. எல்லாம் முடிந்ததும் மச்சினன் போட்ட அதே பளபள மூடியை அதே இடத்தில் மாட்டினோம்.

பாட்டைப் போட்டார் சகலை. மாதா பாட்டு. பெண்கள் குரலுக்கு அடியில், தரையோடு தரையாக, ஒரு குரல் வந்தது. என் முழங்காலில் அதிர்ந்தது. அவர் கண்ணை மூடவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே ஒரு முறை ஏமாந்தவர் அல்லவா? நான் நன்றாகக் கேட்டுவிட்டுத்தான் தலையை ஆட்டினேன்.

என் பேத்தி கோவிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கியதற்கான புதுநன்மை விருந்து எங்கள் ஊரில் நடந்தது. தோட்டத்து ஓரமாகச் சாமியானா. மச்சினன் வந்தான். அவனோடு அவனுடைய சம்பந்தி வீட்டாரையும் நான் வருந்தி அழைத்திருந்தேன். அன்றைக்குச் சிரித்தவர்கள் எல்லோரும் வர வேண்டும் என்று ஒவ்வொருவராகப் போய் அழைத்தேன். சாப்பாட்டுக்கு முன்னால் சகலை மச்சினனிடம் போய்ப் பணிவாக நின்றார்.

"மாப்ள, ஸ்பீக்கர்ல ஏதோ கரகரன்னு வருது. நீங்க ஒரு தடவை கேட்டுச் சொன்னா நல்லது."

அவன் சம்பந்தியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டுக் காருக்குள் உட்கார்ந்தான். கூட்டம் சுற்றி நின்றது. பாட்டு ஓடியது. அவன் முழுசாகக் கேட்கக்கூட இல்லை.

"மாமா, இதுல கேக்குறதுக்கு என்னா இருக்கு? அதே பழைய கம்பெனி பீஸுதானே. தகரம் கத்துற மாதிரி கத்துது. தூக்கிப் பழைய இரும்புக்குப் போடுங்க."

"நல்லாக் கேட்டுச் சொல்லுங்க மாப்ள. அவசரமே இல்ல."

"எத்தன வருசமா இந்தத் தொழில்ல இருக்கேன். என் காது பொய் சொல்லுமா?"

சகலை ஜெரோமைப் பார்த்தார். ஜெரோம் மூடியைக் கழற்றினான். உள்ளே ஸ்பீக்கர் புத்தம் புதிதாக இருந்தது. வளையத்தின் மேல் ஒரு ஸ்டிக்கர். சகலை என் தோளில் கை வைத்து முன்னால் தள்ளினார். "சகலை, என் கண்ணாடி வீட்டுல இருக்கு. அதுல என்ன போட்டுருக்குன்னு நீங்க வாசிங்க. மெதுவா வாசிங்க" என்றார். கண்ணாடி அவர் சட்டைப் பையில் இருந்தது.

நான் குனிந்து வாசித்தேன். எழுத்துக்கூட்டித்தான் எனக்கு வரும். முதலில் அவன் பெயரின் முதல் எழுத்து. பிறகு அடுத்த எழுத்து. பெயர் முடிவதற்குள்ளேயே கூட்டத்துக்குப் புரிந்துவிட்டது. நான் நிறுத்தவில்லை. கார் என்று வாசித்தேன். அலங்காரம் என்பது நீளமான சொல், அதற்கு நேரம் ஆயிற்று. கடைசியில் கீழே சின்ன எழுத்தில் இருந்ததையும் விடவில்லை. கா, தே. சா, ட், சி. என் வாழ்க்கையில் நான் கூட்டத்துக்கு முன்னால் வாசித்த முதல் வாசகம் அதுதான். நத்தத்துச் சம்பந்தி அந்த நேரம் பார்த்து முன்னால் வந்து, "என்னங்க, உங்க கார்லயும் இதேதான்னு சொன்னீங்களே" என்று மரியாதையாகக் கேட்டார்.

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. மச்சினனின் சம்பந்தி சிரிப்பை அடக்கச் சாமியானாக் கம்பைப் பிடித்துக்கொண்டார். சகலை மட்டும் சிரிக்கவில்லை. காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இப்பச் சொல்லுங்க மாப்ள. கேக்குதா, கேக்கலையா?"

கேக்குது என்றால் முதலில் சொன்னது பொய். கேக்கலை என்றால் அவன் சரக்கு தகரம். அவன் காரை விட்டு இறங்கினான். ஒயரிங் சரியில்லை என்று ஏதோ முணுமுணுத்தான். கடையில் வேலை இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிடாமல் போய்விட்டான். அவன் இலை போட்டபடியே இருந்தது.

ஊரே சகலையைக் கொண்டாடியது. அடுத்த ஞாயிறு பாடகர் குழுவில் தன் பழைய இடத்தில் நின்றார். ஒருவர் சுருதி விலகினார். சகலை திரும்பிப் பார்த்தார். விலகியவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அது போதும். சகலைக்குப் போதவில்லை. "எல்லாம் சரிதான் சகலை. அவன் சொல்லலையே" என்றார். அதற்குப் பிறகு நடந்த ஒவ்வொரு விசேஷத்திலும் மச்சினனைக் கண்டால் கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். அவன் வேறு பக்கம் சுற்றிக்கொண்டு போவான்.

நோய் வந்து படுத்த பிறகும் அவர் அதை விடவில்லை. ஆஸ்பத்திரியில் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மச்சினன் கடை இப்போது பெரிதாகிவிட்டது. ஊர்வல வண்டிகளுக்கெல்லாம் அவன்தான் சவுண்டு பாக்ஸ் கட்டிக் கொடுக்கிறான். அதைப் பற்றிப் பேச்சு வந்தது.

"நான் போற அன்னைக்கு அவன் பெட்டியெல்லாம் கட்டிக்கிட்டு வருவான். அவன் பாட்டு எனக்கு வேண்டாம். என் பாட்டு என் கார்ல இருந்து வரணும். அவனைப் பின்னாடி, கதவோரமா உக்கார வைங்க. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா உக்காரட்டும்" என்றார். குரல் அப்போதே பாதியாகிவிட்டது. ஆனால் அந்தக் கண்ணில் இருந்த குறும்பு அப்படியே இருந்தது.

அப்படியேதான் நடந்தது. அக்காளுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை எடுத்துக்கொண்டு மச்சினன் வந்தான். அது அவன் கடமை, அதை நான் குறை சொல்லவில்லை. கூடவே பூ அலங்காரம் செய்த ஊர்வல வண்டி ஒன்றும் வந்தது. மேலே நான்கு பக்கமும் பெட்டி. தெரு முழுவதும் அதிர்கிற மாதிரி ஒரு துக்கப் பாட்டு. நான் போய் அதை நிறுத்தச் சொன்னேன். இவ்வளவு பெரிய பெட்டி இருக்கும்போது அந்தப் பழைய கார் எதற்கு மாமா என்றான். ஜெரோம் அப்பாவின் வார்த்தையைச் சொன்னான். அதற்கும் அவன் அசையவில்லை.

அப்போது மரியபுஷ்பம் மதினி எழுந்து வாசலுக்கு வந்தார்கள்.  "உன் பாட்டை நிப்பாட்டு தம்பி" என்றார்கள். அவ்வளவுதான். தெரு அமைதியானது.

ஊர்வல வண்டி சத்தமில்லாமல் முன்னால் போனது. ஜெரோம் அப்பாவோடு அதில் இருந்தான். பின்னால் எங்கள் கார். என் மகன் ஓட்டினான். நான் முன்னால் உட்கார்ந்தேன். பின்னால் பாடகர் குழுப் பெரியவர்கள் இரண்டு பேர். கதவோரம் ஓர் இடம் மீதி இருந்தது. "ஏறுங்க மாப்ள" என்றேன். அவன் ஏறினான். கண்ணாடிகளை எல்லாம் இறக்கச் சொன்னேன். மாதா பாட்டைப் போட்டேன்.

மலைக்கோட்டைக்குக் கீழே ரோடு திரும்புகிற இடத்தில் அவர் குரல் வந்தது. பெண்கள் குரலுக்கு அடியில், தரையோடு தரையாக. இறந்தவர் முன்னால் போகிறார். அவர் குரல் பின்னால் வருகிறது. டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். மச்சினன் கதவில் இருந்த மூடியின் மேல் உள்ளங்கையை வைத்திருந்தான். அவன் போட்ட மூடி. அவன் விற்ற ஸ்பீக்கர். அவனைத் தோளில் தூக்கிய மனிதரின் குரல் அவன் கையில் அதிர்ந்துகொண்டிருந்தது. அவன் அழுதான். நல்ல அழுகை. எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். நான் சத்தத்தைக் கூட்டினேன்.

"நல்லாக் கேக்குது மாமா" என்றான்.

"என்ன மாப்ள? எனக்குச் சரியாக் கேக்கல."

"மாமா கார்ல நல்லாக் கேக்குது."

"என்கிட்டச் சொல்லி என்னா செய்ய? முன்னாடி போறவருக்குக் கேக்குற மாதிரி சொல்லுங்க."

அவன் என்னைப் பார்த்தான். நான் முகத்தைத் திருப்பவில்லை. பாடகர் குழுப் பெரியவர்களும் திருப்பவில்லை. அவன் ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டினான். காற்றில் தலைமுடி கலைந்தது. வண்டிக்குள் இருந்த சவப்பெட்டியைப் பார்த்து, நடுத்தெருவில், வாய்விட்டுச் சொன்னான்.

"மாமா, உங்க கார்ல நல்லாக் கேக்குது."

முன்னால் வண்டியில் இருந்த ஜெரோம் திரும்பிப் பார்த்தான். கேட்டது என்று கையைத் தூக்கிக் காட்டினான். அப்பாவுக்கு நெருக்கமாக உட்கார்ந்திருந்தவன் அவன். அவனுக்குக் கேட்டிருந்தால் அவருக்கும் கேட்டிருக்கும்.

சகலை, சொல்லிவிட்டான். நாலு பேருக்கு மேலேயே இருந்தார்கள். நாளைக்கு அவன் மாற்றிப் பேசுவான், ஒயரிங் சரியில்லை என்பான். அதனால்தான் எழுத்துக்கூட்டி எழுதி, அவன் செலவிலேயே அச்சில் ஏற்றுகிறேன். கார் உங்கள் வாசலில்தான் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகும்போது உங்களை முன் சீட்டில் வைத்துக்கொண்டு போவது போலப் பாட்டைப் போட்டுக்கொள்கிறோம். நீங்கள் தரையோடு தரையாகப் பாடிக்கொண்டு வருகிறீர்கள். கேட்கிறது சகலை. போய் வாருங்கள்.